எதிரே ஆள் இல்லாத மேசை

டேபிள் டென்னிஸ் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டுப் பாதியில் விட்டவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: கூட ஆட ஆள் கிடைக்கவில்லை. இரண்டு பேர் ஆடும் ஆட்டத்தைத் தனியாக எப்படிப் பழகுவது என்று அவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனாலும் அந்தப் பதிலை என்னால் முழுதாக ஏற்க முடிவதில்லை. பல ஆண்டுகளாக நான் தனியாகப் பயிற்சி செய்து வருகிறேன். கூட்டாளி கிடைக்கிற காலத்திலும் தனிப் பயிற்சிக்கென்று நேரத்தை ஒதுக்கி வைத்துக்கொள்கிறேன். இந்த ஆட்டத்தின் ஒரு பெரிய பகுதி தனியாக இருந்தால்தான் கைக்கு வரும். எதிரே ஒருவர் காத்துக்கொண்டு நின்றால், அவர் பொறுமையை நினைத்தே அந்தப் பகுதியை அவசரமாக முடித்துவிடுவோம்.

அந்தப் பகுதி சர்வீஸ்.

ஒரு கேம் 21 புள்ளிகளாக இருந்த காலத்தில் ஒருவர் தொடர்ந்து ஐந்து சர்வீஸ் போடுவார். 2001-இல் கேம் 11 புள்ளிகளாகச் சுருங்கியது. அன்றிலிருந்து ஆளுக்கு இரண்டு சர்வீஸ், 10-10 ஆனால் ஆளுக்கு ஒன்று. எப்படிக் கணக்குப் போட்டாலும் ஏறக்குறையப் பாதிப் புள்ளிகள் உங்கள் உள்ளங்கையிலிருந்துதான் தொடங்குகின்றன. மற்ற எல்லா அடிகளிலும் எதிராளியின் வேகமும் சுழலும் கலந்திருக்கும். அவர் அனுப்பியதற்குத்தான் நாம் பதில் சொல்கிறோம். சர்வீஸில் மட்டும் அவருக்குப் பங்கே இல்லை. பந்து எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு உயரம் போக வேண்டும், எந்த நொடியில் மட்டை தொட வேண்டும் என்பதெல்லாம் உங்கள் முடிவு. அப்படிப்பட்ட ஓர் அடியைப் பழக ஆள் வரட்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. பல பயிற்சிக்கூடங்களில் நேரமெல்லாம் இருவரும் மாறி மாறி அடிக்கும் ராலிக்குப் போய்விட்டு, கடைசியில் களைத்துப்போன கைகளுக்குச் சிறிது சர்வீஸ் பயிற்சி மிஞ்சுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வரிசை தலைகீழானது என்றே நினைக்கிறேன். கை புதிதாக இருக்கும்போது, மனம் கூர்மையாக இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை அது.

சர்வீஸ் விதிகளைப் பலர் நடுவர் தவறு சொல்லிவிடாமல் இருப்பதற்காக மட்டும் தெரிந்துவைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த விதிகளே நல்ல பயிற்சிக் குறிப்பாகப் படுகின்றன. பந்து விரித்த உள்ளங்கையில் அசையாமல் இருக்க வேண்டும். சுழற்றாமல், ஏறக்குறைய நேர்மேலாக, குறைந்தது 16 சென்டிமீட்டர் எறிய வேண்டும். வலையின் உயரம் 15.25 சென்டிமீட்டர். ஆக, வலை அளவுக்குச் சற்றுக் கூடுதலாகப் பந்து கையை விட்டு எழ வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். பந்து இறங்கும்போதுதான் அடிக்க வேண்டும். தொடங்கியது முதல் அடிக்கும்வரை பந்து மேசைப் பரப்புக்கு மேலேயும், நம் பக்கத்து விளிம்புக்குப் பின்னாலும் இருக்க வேண்டும். எறிந்த கையை உடனே விலக்கிவிட வேண்டும். 2002-க்குப் பிறகு பந்தை உடலாலோ கையாலோ எதிராளியின் கண்ணிலிருந்து மறைப்பதும் கூடாது. எறிதல் ஒழுங்காக இல்லாதவருக்குச் சர்வீஸ் ஒருநாளும் ஒழுங்காக அமையாது. பந்து ஒவ்வொரு முறையும் வேறோர் இடத்தில் இறங்கினால், மட்டை ஒவ்வொரு முறையும் அதைத் துரத்திக்கொண்டு போகும். அதனால் மட்டையே எடுக்காமல், எறிந்து அதே உள்ளங்கையில் பிடிப்பதை மட்டும் முதலில் செய்வேன். கை நகராமல் பந்து அதே இடத்துக்கு வந்து விழுந்தால் எறிதல் சரி. சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் அடுத்து வருவதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

அடுத்தது பிடி. ராலியில் மட்டையைப் பிடிப்பது போலவே பிடித்துக்கொண்டு சர்வீஸ் போட்டால் மணிக்கட்டு பாதிதான் அசையும். மட்டையை ஊசல் போல் வீசும் பெண்டுலம் சர்வீஸ் போடுபவர்கள் கடைசி மூன்று விரல்களையும் கைப்பிடியிலிருந்து விலக்கி மடித்துக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் மட்டையின் தகட்டைப் பிடிப்பார்கள். பழகாத கைக்கு மட்டை நழுவிவிடும் போலத் தோன்றும். அந்தத் தளர்ச்சிதான் வேண்டும். பந்தைத் தொடும் நொடியில் மட்டும் விரல்கள் இறுகினால் போதும். முன்னதாகவே இறுக்கிவிட்டால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், மட்டையின் வேகம் போய்விடும், வேகம் போனால் சுழலும் போய்விடும். சர்வீஸ் போட்டவுடன் பழைய பிடிக்குத் திரும்ப வேண்டும். இந்தத் திரும்புதலையும் தனியாகவே பழக வேண்டும். போட்டியில் அதை நினைத்துப் பார்க்க நேரம் இருக்காது.

தொடும் விதத்தைக் காது சொல்லிவிடும். பந்தை முழுதாக அடித்தால் மரப்பலகையின் 'டக்' என்ற சத்தம் கேட்கும். மெல்லிசாக உரசினால் அந்தச் சத்தம் ஏறக்குறைய மறைந்து, ரப்பர் பந்தைப் பற்றி இழுக்கும் மங்கலான ஓசை மட்டும் மிஞ்சும். அளவுக்கு மீறி மெல்லிசாகப் போனால் பந்து வழுக்கிக்கொண்டு கீழே விழும். ஆள் நிறைந்த கூடத்தில் இந்த வேறுபாடு காதில் விழாது. ஒருவர் மட்டும் இருக்கும் அறையில் ஒவ்வொரு தொடுதலும் தெளிவாகக் கேட்கும். கண்ணை நம்புவதைவிடக் காதை நம்பிச் சர்வீஸைத் திருத்துவது எனக்கு எளிதாக இருக்கிறது. பந்து மட்டையில் எங்கே படுகிறது என்பதும் முக்கியம். மட்டையின் நுனிப் பகுதி வேகமாக நகர்கிறது, கைப்பிடிக்கு அருகில் உள்ள பகுதி மெதுவாக நகர்கிறது. ஒரே வீச்சில் நுனியருகே தொட்டால் நிறையச் சுழல், பிடியருகே தொட்டால் சுழலே இல்லாத பந்து. இரண்டையும் எதிராளியால் பிரித்தறிய முடியாத அளவுக்குப் பழகினால், பந்துக்குச் சுழல் இருக்கிறதென்று நினைத்து அவர் மட்டையைத் திறந்து, அதாவது முகத்தை மேல்நோக்கிச் சாய்த்து, தள்ளுவார், பந்து உயரமாக எழும்பி உங்களுக்கு வந்து சேரும். சுழல் இல்லாத சர்வீஸைச் சோம்பேறித்தனமான சர்வீஸ் என்று நினைப்பவர்கள் உண்டு. பின்னோக்கிச் சுழலும் நல்ல பேக்ஸ்பின்னுக்குப் பக்கத்தில் வைத்தால் அதைப் போல் ஆபத்தானது வேறில்லை.

சுழல் எந்த அச்சில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு பந்தை எடுத்து, மார்க்கர் பேனாவால் அதன் நடுவைச் சுற்றி, பூமத்திய ரேகை போல், ஒரு முழு வட்டம் வரையுங்கள். மை காயட்டும். பந்தை உள்ளங்கையில் வைக்கும்போது அந்தக் கோடு செங்குத்தாக நின்று வலையை நோக்கியிருக்கும்படி வையுங்கள். இப்போது பேக்ஸ்பின் சர்வீஸ் போடுங்கள். சுழல் கலப்பில்லாமல் இருந்தால், பந்து எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் கோடு அசையாத ஒரு மெல்லிய பட்டையாகவே மேசையின் மேல் போகும். கொஞ்சம் பக்கவாட்டுச் சுழல், அதாவது சைடுஸ்பின், கலந்திருந்தாலும் பட்டை ஆடத் தொடங்கும். நிறையக் கலந்திருந்தால் பந்து முழுவதும் சாம்பல் பூசியது போல் மங்கிவிடும். எறியும்போதே விரல் பட்டுப் பந்து திரும்பிவிட்டால் அதையும் இந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். சைடுஸ்பின் வேண்டுமென்றே போடுகிறபோது பட்டை எப்படிக் கலைகிறது என்றும் பாருங்கள். சர்வீஸில் நினைத்தது ஒன்று, போட்டது வேறொன்று என்பது எவ்வளவு அடிக்கடி நிகழ்கிறது என்று அந்த மைக்கோடு கூசாமல் சொல்லிவிடும். அரை நிறம் வெள்ளை, அரை நிறம் ஆரஞ்சு என்று இரு நிறப் பயிற்சிப் பந்துகளும் விற்பனைக்கு வருகின்றன. எனக்கு மைக்கோடு போதும்.

பேக்ஸ்பின்னின் அளவுக்கு இன்னொரு சோதனை, எதிர்ப்பக்கம் ஒருமுறை துள்ளிய பந்து தானாகவே வலையை நோக்கித் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. கோஸ்ட் சர்வீஸ் என்று இதைச் சொல்வார்கள். 2008 ஒலிம்பிக் ஒற்றையரில் தங்கம் வென்ற சீன வீரர் மா லின் பெயரோடு இது அதிகம் பேசப்படும். ஒவ்வொரு துள்ளலிலும் பின்சுழல் பந்தின் முன்வேகத்தைத் தின்கிறது. முன்வேகம் தீர்ந்த பிறகும் சுழல் மீதமிருந்தால் பந்து திரும்பிவிடும். போட்டியில் இதை அப்படியே போட்டுப் புள்ளி எடுத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். திரும்பி வரவைக்கும் சர்வீஸ் பெரும்பாலும் சற்று உயரமாக, மெதுவாகப் போகும், அதை எதிராளி அடித்துவிடுவார். இது ஓர் அளவுகோல் மட்டுமே. பந்து திரும்புகிறது என்றால் உரசல் கைவந்திருக்கிறது. பிறகு அதே உரசலோடு உயரத்தைக் குறைத்து, வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, ஆட்டத்துக்கு உதவும் சர்வீஸாக மாற்ற வேண்டும்.

நீளத்தைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். குட்டையான சர்வீஸ் என்றால், எதிராளி தொடாமல் விட்டால் அவர் பக்கத்தில் பந்து இரண்டு முறை துள்ள வேண்டும். எதிரே ஆள் இருந்தால் அவர் தொட்டுவிடுவார், இரண்டாவது துள்ளல் எங்கே விழுந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆளில்லாத மேசையில் அது ஒவ்வொரு முறையும் கண்முன்னே நடக்கும். இரண்டாவது துள்ளல் விளிம்புக்குச் சற்று உள்ளே விழும்படி போடுவதுதான் சிறந்த குட்டை சர்வீஸ் என்று நான் கருதுகிறேன். அதைவிடக் குட்டையானால் எதிராளி மேசைக்கு மேல் கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிட வசதியாகிவிடும். விளிம்பைத் தாண்டிவிட்டாலோ அவர் முழுக்கையை வீசி, பந்தை முன்னோக்கிச் சுழலவிடும் லூப் அடிப்பார். நீளமான சர்வீஸுக்குக் கணக்கு வேறு. முதல் துள்ளல் நம் பக்கத்து விளிம்புக்கு அருகே இருக்க வேண்டும். அப்போதுதான் மேசையின் 2.74 மீட்டர் நீளமும் பந்துக்கு ஓடக் கிடைக்கும். குட்டை சர்வீஸுக்கு முதல் துள்ளல் நம் பாதியின் நடுப்பகுதிக்கும் வலைக்கும் இடையில் வரும். இலக்குக்காக எதிர்ப்பக்கம் காகிதத்தை வைக்கும் பலர் முதல் துள்ளலைக் கவனிப்பதில்லை. நான் நம் பக்கத்தில்தான் முதலில் காகிதம் வைப்பேன். முதல் துள்ளல் சரியான இடத்தில், சரியான உயரத்தில் அமைந்துவிட்டால் எதிர்ப்பக்கத் துள்ளல் தானாக வந்து சேரும்.

பெட்டி நிறையப் பந்து வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகச் சர்வீஸ் போடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கை ஒரு தாளத்துக்குப் பழகிவிடும். முந்தைய பந்தில் செய்த தவறை அடுத்த பந்தில் திருத்திக்கொண்டே போவோம். போட்டியில் அந்தச் சலுகை கிடையாது. இரண்டு சர்வீஸ், பிறகு இரண்டு புள்ளிகளுக்கு எதிராளியின் முறை. புதிதாக ஒன்றைக் கற்கும்போது பெட்டி வேண்டும், மறுப்பதற்கில்லை. ஓரளவு கைவந்த பிறகு நான் இரண்டே பந்துகளை எடுத்துக்கொள்வேன். இரண்டையும் போட்டுவிட்டு, மட்டையை வைத்துவிட்டு, நடந்து போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவேன். அந்த இடைவெளிக்குப் பின் போடும் முதல் பந்துதான் என் உண்மையான சர்வீஸ். பெட்டியின் கடைசிப் பந்து எவ்வளவு அழகாக விழுந்தாலும் அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

சர்வீஸ் போட்ட இடத்திலேயே நின்று பந்து போவதை ரசிப்பதும் கூடாது. போட்டவுடன் ஒரு காலடி பின்வாங்கி, ஆயத்த நிலைக்கு வந்து, திரும்பி வரக்கூடிய பந்தைக் கற்பனை செய்து ஒரு ஃபோர்ஹேண்ட் லூப்பை வீச வேண்டும். குட்டையான பேக்ஸ்பின் சர்வீஸுக்கு எதிராளி பெரும்பாலும் பந்தின் அடியை உரசித் தள்ளி, புஷ் செய்வார். அதைத் தூக்கியடிக்கும் வீச்சு கீழிருந்து மேலாக இருக்கும். வேகமான நீள சர்வீஸுக்கு, மட்டையை வைத்துத் தடுத்துத் திருப்பும் பிளாக் வரும், அதற்கு மட்டை இன்னும் கவிழ்ந்திருக்கும், வீச்சு முன்னோக்கிப் போகும். சர்வீஸையும், அதற்கு வரும் பதிலை நாம் அடிக்கும் மூன்றாவது பந்தையும் ஒரே மூச்சில் பழகாதவரின் சர்வீஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாதிப் பயன்தான்.

மேசையே இல்லாத இடத்திலும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. தரையில் நின்று, பந்தை எறிந்து, அதன் அடிப்பகுதியை மட்டையால் உரசி முன்னே விழச் செய்யுங்கள். தரையில் பட்டதும் பந்து உங்களிடமே உருண்டு வர வேண்டும். பாய் அல்லது விரிப்பின் மேல் செய்தால் பந்துக்குப் பிடிப்பு கிடைத்து இன்னும் விரைவாகத் திரும்பும், வழுவழுப்பான தரையில் கொஞ்சம் தயங்கித் திரும்பும். எவ்வளவு தூரம் முன்னே போட்டு எவ்வளவு தூரம் பின்னே வரவைக்கிறீர்கள் என்பதில்தான் முன்னேற்றம் தெரியும். பிறகு பந்தின் பக்கவாட்டை உரசி இடப்புறமும் வலப்புறமும் ஓடச் செய்யலாம். மட்டையின் மேல் பந்தைத் தட்டிக்கொண்டே இருப்பது குழந்தைகளுக்கான விளையாட்டு என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். வெறுமனே தட்டுவதில் அவ்வளவு பயன் இல்லை என்று நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் ஒருமுறை உரசிச் சுழலவிட்டு, அடுத்த முறை அந்தச் சுழலை மட்டையைச் சாய்த்து அடக்கி அசையாமல் நிறுத்தப் பாருங்கள். சுழலும் பந்து ரப்பரில் பட்டதும் எந்தத் திசையில் குதிக்கிறது என்பதை விரல்கள் அப்போதுதான் கற்கின்றன. எதிராளியின் சர்வீஸை எடுக்கும்போது உதவுவது இந்த அறிவுதான்.

பந்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2000-இல் பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. 2014 முதல் செல்லுலாய்டுக்குப் பதிலாக வேறு பிளாஸ்டிக் வந்தது. எடை 2.7 கிராம்தான். ஆனால் பழைய செல்லுலாய்டு பந்தும் இன்றைய பந்தும் சுழலை ஏற்பதிலும் துள்ளுவதிலும் ஒன்றல்ல. மூலையில் கிடக்கும் பழைய பந்துகளை வைத்துச் சர்வீஸ் பழகினால், போட்டியில் கை கணக்குத் தவறும். பயிற்சிக்குத் தரம் குறைந்த பந்து போதும் என்ற எண்ணம் ராலிக்கு வேண்டுமானால் பொருந்தலாம், சர்வீஸுக்குப் பொருந்தாது. ரப்பரில் படியும் தூசியும் அப்படித்தான். துடைக்காத மட்டையில் உரசல் வழுக்கும், நாம் நம் மணிக்கட்டைச் சந்தேகிப்போம்.

இனி சுவர். தனிப் பயிற்சி என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். மேசையின் ஒரு பாதியை நிமிர்த்தி நிறுத்தி அதில் அடிப்பதும் இதே வகை. இதை நான் செய்கிறேன், விரும்பியும் செய்கிறேன், ஆனால் அது எங்கே பொய் சொல்கிறது என்று தெரிந்துகொண்டு செய்கிறேன். நீங்கள் டாப்ஸ்பின் அடித்தால் பந்தின் மேற்பகுதி முன்னோக்கிச் சுழல்கிறது. அப்படியானால் சுவரைத் தொடும் முன்பகுதி கீழ்நோக்கி நகர்கிறது. சுவர் அதை உராய்ந்து தடுப்பதால் பந்து மேல்நோக்கித் தள்ளப்படும், அதனால்தான் சுவரில் பட்ட டாப்ஸ்பின் எழும்பி வருகிறது. அந்த உராய்வில் சுழலின் ஒரு பகுதி கரைந்துவிடும். மிச்சமிருக்கும் சுழல் அதே திசையில்தான் சுழன்றுகொண்டிருக்கும். ஆனால் பந்து இப்போது எதிர்த்திசையில் பயணம் செய்கிறது. ஆகவே உங்களுக்கு அது பேக்ஸ்பின்! எதிராளி உங்கள் டாப்ஸ்பின்னைப் பிளாக் செய்தால் வரும் பந்துக்கு மட்டையைக் கவிழ்க்க வேண்டும். சுவரிலிருந்து வரும் பந்துக்கோ மட்டையைக் கொஞ்சம் திறக்க வேண்டும். சுவரில் மாதக்கணக்கில் லூப் பழகியவர் மேசைக்கு வந்ததும் எல்லாப் பந்தையும் வெளியே அனுப்புவதற்கு இதுதான் காரணம். பேக்ஸ்பின் அடித்தால் நேர்மாறாக, பந்து சுவரில் பட்டதும் கீழே இறங்கிவிடும், புஷ்ஷைச் சுவரில் பழகவே முடியாது.

ரப்பர் ஒட்டிய ரிட்டர்ன் போர்டுகள் இந்தக் குறையைப் பெருமளவு போக்குகின்றன. ரப்பர் பந்தைப் பற்றித் திருப்பிவிடுவதால் சுழல் திசை மாறி, டாப்ஸ்பின் அனுப்பினால் டாப்ஸ்பின்னாகவே திரும்பும். சாய்வை மாற்றிவைக்க முடிந்தால் இன்னும் நல்லது. அது இல்லாதவர்கள் நிமிர்த்திய மேசையைச் சுழல் குறைந்த தட்டையான அடிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். வரும் வேகத்தைத் தட்டையாகத் திருப்பியடிக்கும் பேக்ஹேண்ட் கவுண்டர், பிளாக் ஆகியவற்றுக்கு அது நன்றாகவே உதவும். வழக்கமாக எதிராளி நிற்கும் தூரத்தில் ஏறக்குறையப் பாதிதான் அந்தப் பலகைக்கு. பந்து அவ்வளவு விரைவாகத் திரும்பி வருவதால் பின்வீச்சை நீளமாக இழுக்க நேரமே இருக்காது. வீச்சைச் சுருக்கத் தெரியாதவருக்கு அதைவிடக் கண்டிப்பான ஆசிரியர் கிடைக்க மாட்டார்.

பந்தே இல்லாமல் வீசிப் பழகும் ஷேடோ பயிற்சியைப் பற்றி மக்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். சிலருக்கு அது வெறும் உடற்பயிற்சி, சிலருக்கு அதுவே எல்லாம். பந்து இருக்கும்போது நம் கவனம் முழுவதையும் பந்தே எடுத்துக்கொள்கிறது. மேசையில் விழுந்துவிட்டால் அடி சரி என்று எண்ணிவிடுகிறோம். பந்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது உடல் மட்டும்: இடுப்பு முதலில் திரும்புகிறதா, அல்லது கை தனியாக ஓடுகிறதா, எடை பின்காலிலிருந்து முன்காலுக்கு மாறுகிறதா, வீச்சு முடிந்ததும் மட்டை நெஞ்சுக்கு முன்னே திரும்பி வந்ததா. கண்ணாடியைவிட, பக்கவாட்டில் வைத்த கைப்பேசிக் கேமரா நன்றாகக் காட்டும். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வீசினால் தலை இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. மெதுவாக வீசிப் பதிவு செய்யுங்கள், வேகத்தில் எல்லாமே சரியாக இருப்பது போலத் தோன்றும். பந்தில்லாமல் தவறாக வீசுவதும் பழக்கமாகத்தான் போய்ச் சேரும் என்பதால், களைத்த பிறகு இதைத் தொடரவே கூடாது.

கால்களுக்கு நான் செய்வது ஃபால்கன்பெர்க். ஸ்வீடனில் உள்ள அந்த ஊரின் பெயரிலேயே வழங்கும் காலசைவுப் பயிற்சி இது. வலக்கைக்காரர் இடப்பக்க மூலையிலிருந்து ஒரு பேக்ஹேண்ட் அடித்து, அதே மூலையில் பந்தைச் சுற்றி நகர்ந்து ஒரு ஃபோர்ஹேண்ட் அடித்து, பிறகு வலப்பக்கக் கோடி வரை ஓடி இன்னொரு ஃபோர்ஹேண்ட் அடித்து, மீண்டும் தொடங்க வேண்டும். மூன்றே அடிகளில் ஆட்டத்தின் முக்கியமான நகர்வுகள் எல்லாம் அடங்கிவிடுகின்றன. மேசையின் அகலம் 1.525 மீட்டர். அந்த அளவுக்குத் தரையில் இரண்டு ஒட்டுநாடாக் கோடுகள் போட்டுக்கொண்டால் மேசையில்லாமலும் செய்யலாம். மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் செய்ய வேண்டும், வெறுங்கையால் செய்தால் மணிக்கட்டின் கோணம் நம்மை ஏமாற்றும். எடை கூட்டிய மட்டையால் வீசச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கனமான மட்டையில் வீச்சின் நேரமே மாறிவிடுகிறது, கற்க வந்ததே அந்த நேரத்தைத்தான்.

சுழலும் சக்கரத்தால் பந்தை எறியும் ரோபோவை வாங்கும் வசதி இருந்தால் வாங்கலாம். ஒற்றைச் சக்கர ரோபோவில் வேகத்தைக் கூட்டினால் சுழலும் கூடவே கூடும், இரண்டையும் பிரிக்க முடியாது. இரண்டு அல்லது மூன்று சக்கரம் உள்ளவற்றில் தனித்தனியாக மாற்றலாம். அலுக்காமல் ஒரே பந்தை ஒரே இடத்துக்கு அனுப்புவதுதான் அதன் பலம். புதிய அடியைக் கற்கும் கட்டத்தில் அந்த ஒரேமாதிரித் தன்மை பொன்னானது. அதன் குறை, பந்து ஒரு துளையிலிருந்து வருகிறது. வீசும் கை இல்லை, திரும்பும் தோள் இல்லை, மட்டையின் கோணம் இல்லை. நம் கண்கள் துளையைப் பார்க்கப் பழகிவிடுகின்றன. மனிதரோடு ஆடும்போது பந்து மட்டையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே பாதிச் செய்தி அவர் உடலிலிருந்து வந்துவிடுகிறது. ரோபோவோடு மட்டும் பழகியவர் அந்தச் செய்தியைப் படிக்கத் தெரியாமல், ஒவ்வொரு பந்துக்கும் சற்றுத் தாமதமாகவே நகர்வார்.

தனியாக எவ்வளவு முயன்றாலும் கைக்கு எட்டாத ஒன்று எதிராளியின் சர்வீஸை எடுத்துத் திருப்புவது. இன்னொருவரின் மணிக்கட்டு என்ன செய்தது என்று பார்த்து, அந்தக் கண நேரத்தில் மட்டையின் கோணத்தை முடிவு செய்வதைச் சுவரோ ரோபோவோ கண்ணாடியோ கற்றுத்தராது. அதனால் கூட்டாளி ஒருவர் கிடைக்கும் நாளில் நான் ராலியில் தொடங்குவதில்லை. கவுண்டர் அடித்துக் கை சூடேற்றுவதை நான் முன்னதாகவே தனியாக முடித்திருப்பேன். அவர் வந்ததும் பந்துப் பெட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, அவருக்குத் தெரிந்த எல்லாச் சர்வீஸையும் எனக்குப் போடும்படி கேட்பேன். அவருக்கும் சர்வீஸ் பயிற்சி ஆகிறது, எனக்கும் எடுக்கும் பயிற்சி ஆகிறது. கை ஓய்ந்ததும் பெட்டி என் பக்கம் வரும். தனியாகப் பழகிய சர்வீஸ்களை அவரிடம் போட்டுப் பார்த்து, எதை அவர் தயங்கித் தொடுகிறார், எதை யோசிக்காமல் அடித்துவிடுகிறார் என்று குறித்துக்கொள்வேன். அடுத்த தனிப் பயிற்சியில் எந்த சர்வீஸை எடுத்துத் திருத்த வேண்டும் என்பது அந்தக் குறிப்பில் இருக்கும்.